கடலின் மேல் ஒரு வழி: சிங்கப்பூர்க் கம்பிவட ஊர்தி

ஒரு நகரின் கட்டடக்கலை வரலாற்றைச் சுவர்களையும் தூண்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். கம்பிவட ஊர்தியின் பெரும்பகுதியோ வெற்றுவெளி. அவ்வெளியை அளந்து காப்பதும் வடிவமைப்பின் பகுதியே என்பதைச் சிங்கப்பூரின் வரலாறு உணர்த்துகின்றது.

இவ்வழியின் ஒரு முனை ஃபேபர் குன்று. தெலுக் பிளாங்கா குன்று என வழங்கிய அதற்கு, சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் எட்வர்ட் ஃபேபரின் பெயர் 1845இல் சூட்டப்பட்டது. மறுமுனை செந்தோசா. பிரிட்டிஷார் காலத்தில் பீரங்கிக் கோட்டைகள் நின்ற அத்தீவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. 'மாத்தி' என்னும் மலாய்ச் சொல் இறப்பைக் குறிக்கும். 1970களின் தொடக்கத்தில் அது அமைதியைக் குறிக்கும் புதுப்பெயர் பெற்று, உல்லாசத் தீவாக உருமாறியது. இரண்டையும் இணைத்த கம்பிவட ஊர்தியை 1974 பிப்ரவரி 15 அன்று கோ கெங் சுவீ திறந்துவைத்தார்.

குன்று தன் உயரத்தை இயல்பாகவே தந்தது. கரையோர நிலையத்திற்கோ உயர்ந்த கோபுரம் தேவைப்பட்டது. ஏனெனில், கம்பிவடம் நேர்கோடாக நில்லாது. தன் எடையாலும் பெட்டிகளின் எடையாலும் தொய்யும். அத்தொய்வின் கீழேதான் கப்பல்கள் செல்ல வேண்டும். இவ்வாறு, ஒரே வெளியை வானில் செல்வோரும் நீரில் செல்வோரும் பகிர்ந்துகொண்டனர்.

1983 ஜனவரி 29 மாலை அப்பகிர்வு முறிந்தது. எனிவெட்டாக் என்னும் துளையிடும் கப்பலின் உயர்ந்த கோபுரம் கம்பிவடத்தில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் வீழ்ந்தன, எழுவர் மாண்டனர். நடுவானில் சிக்கியிருந்த 13 பேரை ஆகாயப்படை ஹெலிகாப்டர்கள் மறுநாள் விடியுமுன் மீட்டன. கம்பிவடம் வலுவிழந்ததால் நேர்ந்த விபத்தன்று இது. கடந்து செல்லும் கப்பலின் உயரத்தை உரியவர்கள் சரிபார்க்கத் தவறியதே கேடாய் முடிந்தது.

அவ்வாண்டே சேவை மீண்டும் தொடங்கியது. உயரமான கப்பல்களை முன்னரே கண்டறிய லேசர் கருவிகள் பொருத்தப்பட்டன. துறைமுக விதிகளும் இறுக்கப்பட்டன. 2010இல் புதிய பெட்டிகள் வந்தன. இன்று கரையோர நிலையம் ஓர் அலுவலகக் கோபுரத்தின் 15ஆம் தளத்தில் இயங்குகின்றது.

1974இன் வரைபடத்தில் கோபுரங்களுக்கும் கம்பிவடத்திற்கும் இடம் இருந்தது. கீழே செல்லும் மாலுமிக்கு எச்சரிக்கை சென்று சேரும் வழியை அமைக்க ஏழு உயிர்களை இழக்க வேண்டியதாயிற்று. பொறியியல் பயில விழையும் மாணவர்கள், ஒரு கட்டமைப்பைப் பயன்படுத்துவோரை மட்டுமின்றி அதனருகே கடந்து செல்வோரையும் கணக்கில் கொள்ளக் கற்க வேண்டும்.