கையெழுத்து வைக்குமுன் கணக்கைப் பாருங்கள்: ஆட்குறைப்பும் சட்டமும்

2025 மே மாதம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் இயங்கிய நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை திடீரென மூடப்பட்டது. 1,416 பேர் தொழிலை இழந்தனர். முன்கூட்டியே தங்களுடன் பேசவில்லை எனத் தொழிற்சங்கம் முறையிட்டது. செய்தி வந்தபோது எங்கள் வரிப்பத்தான்சேனையில் சிலர் "அது கொழும்புப் பக்கத்துக் கதை" என்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. வயலை மட்டும் நம்பி வாழ்ந்த காலம் போய், நம் பிள்ளைகளும் ஆடைத் தொழிற்சாலை, களஞ்சியசாலை, தனியார் கம்பனி என்று மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை எளிமையாக எழுதுகிறேன்.

இதற்கான பிரதான சட்டம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த தனியார் நிறுவனத்தில், கடந்த 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்தவருக்கு இது பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணமின்றி அவரை நிறுத்துவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதியோ வேண்டும். இரண்டும் இல்லாத வேலைநீக்கம் சட்டத்தின் பார்வையில் செல்லாது. "இப்போதைக்கு வீட்டில் இருங்கள், ஓடர் வந்தால் கூப்பிடுகிறோம்" என்பதும் இதற்குள் அடங்கும்.

ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்குறைப்புக்கு ஒரு மாத அறிவித்தல் வேண்டும் எனக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அறிவித்தலோ, ஒரு மாதச் சம்பளமோ மேற்சொன்ன அனுமதிக்கு ஈடாகாது.

நட்டஈட்டுக்கும் கணக்கு உண்டு. முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை 2 மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை 1 மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். மொத்தம் 48 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. 2021 முதல் உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபா.

உதாரணமாக, 40,000 ரூபா சம்பளத்தில் 8 வருடம் உழைத்த ஒருவரை எடுங்கள். முதல் 5 வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த 3 வருடத்துக்கு 6 மாதம், ஆகப் பதினெட்டரை மாதம். அது 740,000 ரூபா. இதற்குப் புறம்பாக, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இவருக்கு 160,000 ரூபா. இதை 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் வேறு.

இந்த 9 இலட்சத்தை ஒரு கையெழுத்தில் இழந்துவிடலாம் என்பதே என் கவலை. எழுத்துமூலச் சம்மதத்தைச் சட்டம் ஏற்பதால்தான், "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்ற கடிதத்தை நீட்டுகிறார்கள். வாசிக்காமல், தொகையைக் கேட்காமல் அதில் ஒப்பமிட வேண்டாம். விளங்காத மொழியில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நம் பகுதி அரிசி ஆலைகள், கடைகள் பலவற்றில் 15 பேர் இருப்பதில்லை. அங்கு வேலை செய்பவர்கள் நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குச் செல்லலாம். எந்த வழியானாலும் வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க சட்டத்தரணி தேவையில்லை.

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் பிணக்கு வந்தால், ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் பேசித் தீர்த்து வைப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். அப்படிச் சமரசம் பேச அமருபவர்கள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். 9 இலட்சம் உரித்தான ஒருவருக்கு 1 இலட்சம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று எழும்பி வரக்கூடாது.