நடுநாட்டு விறகு: காடாம்புலியூர்ப் பகுதியை முன்னிட்ட ஓர் ஆய்வு

வரலாற்றுக்குச் சான்றாவன கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் இலக்கியமும் என்று பயின்று வந்துள்ளோம். இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சான்று ஒன்று சிற்றூர் வீடுகளின் புறக்கடையில் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றது. அது விறகு. ஒரு நிலத்தில் எம்மரம் எக்காலத்து வந்து வேரூன்றியது என்பதையும், அந்நிலத்து மக்கள் அதனை எவ்வாறு அறிந்து ஆண்டனர் என்பதையும் அவ்விறகடுக்கு உரைக்க வல்லது. கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட காடாம்புலியூர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

தமிழகத்தில் விறகு விலைப்பொருளாய் வழங்கியது பழங்காலத்திலிருந்தேயாம். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களில், அமுதுபடிக்குரிய அரிசி, பருப்பு, நெய் முதலியவற்றோடு விறகுக்கும் நெல் ஒதுக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் ‘விறகு விற்ற படலம்’ என்றே ஒரு படலம் அமைத்துள்ளார். ஆயினும் இத்தகைய சான்றுகள் பெரும்பாலும் விறகு என்னும் பொதுப்பெயர் அளவில் நின்றுவிடுகின்றன. எம்மரத்து விறகு, எத்துணைத் திங்கள் உலர்ந்தது என்னும் நுட்பங்களை அவை உரைப்பதில்லை. அவ்வறிவு வீட்டு மகளிரிடத்தும் விறகுவெட்டிகளிடத்தும் வாய்மொழியாகவே வாழ்ந்தது.

இனி, இப்பகுதியின் மரங்களை நோக்குவோம். செம்மண் மேட்டுநிலமாகிய இங்கு முந்திரித் தோப்பினை ‘முந்திரிக்காடு’ என்றே வழங்குவர். காடு என்று பெயர் பெற்றும் அம்மரம் இந்நிலத்துக்கு உரியதன்று. பிரேசில் நாட்டுக்குரிய முந்திரி, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் நம் நாட்டு மேலைக்கரைக்குக் கொணரப்பெற்றது. பழங் கல்வெட்டுக்களில் நில அளவைக்கண் பயிலும் ‘முந்திரி’ என்பது 1/320 என்னும் பின்னத்தின் பெயராகும். அதனை இம்மரத்தோடு இயைத்துக் கோடல் பிழை.

சவுக்கும் வேற்று நாட்டு மரமே. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் பரவலாக நடப்பெற்றது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. வண்டிப் பொறிகளும் வளர்ந்துவந்த நகரத்து அடுப்புக்களும் விறகை மிகுதியாக வேண்டின. சீமைக்கருவேல் 1870களில் மாகாணத்துள் புகுந்தது. ‘சீமை’ என்னும் அடையே அதன் வரவை உணர்த்தும். 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்கக் காடுகளில் விறகெடுப்பதை வரம்புக்குட்படுத்தியது. எனவே, இன்று நாம் காணும் விறகடுக்கில் முதன்மை பெறும் மூன்று மரங்களும் ஐந்நூறு ஆண்டுகளுக்குள் வந்தவை என்பது போதரும்.

மரங்கள் புதியவையாயினும் அவற்றைப் பதப்படுத்தும் அறிவு பழையது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரிக்கு மேற்பட்ட வெப்பம் செலவாம். ஆதலின் ஈர விறகு தன் சூட்டைத் தன்னை உலர்த்துதற்கே இழந்து புகையை மிகுக்கின்றது. நன்கு உலர்ந்தபின் எஞ்சும் நீர் நூற்றுக்கு 15 முதல் 20 வரை இருக்கும். பட்டை ஈரத்தைக் காத்து நிற்றலின் கட்டையைப் பிளப்பர்; காற்றுப் புகுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவர்; கறையான் ஏறாவண்ணம் அடியில் கல் இடுவர்; தையில் வெட்டியதைச் சித்திரை வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன் தாழ்வாரத்துள் சேர்ப்பர். முந்திரிக்கட்டை விரைந்து உலரும். நெடுநாள் கிடப்பின் வண்டு துளைத்து மாவாய் உதிரும். சவுக்கு சிறிது ஈரமிருப்பினும் எரியும். புளி பிளத்தற்கு அரிது. எனினும் அதன் தணல் நெடுநேரம் நிற்கும். முருங்கையை விறகென எவரும் மதியார்.

நிலமில்லாதார்க்கு வெட்டு விறகு எளிதன்று. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கும் கூலி மகளிர் உதிர்ந்த சுள்ளியையும் சருகையும் மாலையில் தலைச்சுமையாகக் கொண்டு செல்வர். அச்சுமையே அவர்தம் மறுநாள் அடுப்பு.

இந்நிலத்தின் அருகிலேயே மற்றோர் எரிபொருள் புதைந்து கிடந்தது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே 20-இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரியும் பச்சை மரம் போன்றே தன் எடையில் ஏறத்தாழப் பாதி நீருடையது. அதனை உலர்த்தி, அழுத்தி, கரியாக்கி, ‘லெக்கோ’ என்னும் பெயரால் வீட்டு எரிபொருளாக விற்றனர். சுள்ளி உலர்த்தும் மகளிர் முற்றத்தில் செய்ததையே தொழிற்கூடமும் பேரளவில் செய்தது எனலாம். பின்னாளில் அத்தொழிற்கூடம் மூடப்பெற்றது. நிலக்கரியிற் பெரும்பகுதி மின்சாரமாகித் தொலைவிடங்களுக்குச் சென்றது. சுரங்கத்தை அடுத்த சிற்றூர்களில் விறகடுப்பு தொடர்ந்து எரிந்தது. விறகை நிலக்கரி வென்றது என்னும் பொதுக்கூற்று இவ்வடுப்புக்களுக்குப் பொருந்தாமை இதனால் தெளிவாம்.

2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் பெருமளவில் சாய்த்தது. தலைமுறையாகப் பயன் தந்த மரங்கள் விறகாயின. விறகு மலிந்த அவ்வாண்டு வாழ்வு வறண்ட ஆண்டாயிற்று. விறகடுக்கின் உயரம் செல்வத்தின் அளவன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவற்றால் விறகடுப்பைப் போற்றுகின்றோம் என்று கொள்ளற்க. அதன் புகை மகளிர் கண்ணையும் நெஞ்சையும் வருத்தியதை நாம் அறிவோம். எரிவாயு வந்தமை நன்றே. ஆயின் சுள்ளி, சிராய், தணல், கொள்ளி என ஒவ்வொன்றற்கும் ஒரு சொல் வைத்த அறிவு, அச்சொற்களை ஆளும் முதியோரோடு மறைந்து வருகின்றது. கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ இவ்வட்டாரத்துச் சொற்களைத் தொகுத்தற்கு வழி காட்டியுள்ளது. அவ்வழி நின்று, அடுப்பங்கரைச் சொற்களை மரத்தின் பெயரோடும் பருவத்தோடும் செய்முறையோடும் சேர்த்துத் தொகுத்தல் நம் ஆய்வு மாணவர் உடனே மேற்கொள்ளற்பாலது. கல்வெட்டு நமக்காகக் காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது.