மாமாவின் எம்.டி.90உம் என் டர்போ ஹயபுசாவும்

என் மோட்டார் சைக்கிள் கடைசியாக ஓடிய நாளில் மாமாவும் கூட இருந்தார். ஓய்வு பெற்றபிறகு சனிக்கிழமைகளில் அவருக்குப் பொழுது போவதில்லை. நான் எங்கே போனாலும் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னால் வருவார். அன்று டைனோவில் ஏற்றியிருந்தோம். டைனோ என்றால், பின்சில்லை ஒரு பெரிய உருளைமேல் வைத்து, வண்டியை நாலு பக்கமும் பட்டியால் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு இயந்திரத்தின் வலுவை அளக்கிற கருவி. ஆறாயிரம் சுற்றைத் தாண்டும்போது மாமா காதை மூடியிருந்த கவசத்தைக் கழற்றினார். கையை ஆட்டினார். "நிப்பாட்டடா தம்பி, இது மண்ணெண்ணெய்ச் சத்தம்" என்றார்.

நான் நிப்பாட்டவில்லை. திரையில் எண்கள் எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. இன்னும் ஒரு ஓட்டம் பார்ப்போம் என்றேன். அந்த ஓட்டத்தில் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. எரிபொருள் அளவுகளை எழுதியது நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. பொறியியலில் முதுகலைப் பட்டம் எடுத்தவனுக்குக் கேட்காத சத்தம், யாழ்ப்பாணத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு எப்படிக் கேட்டது? உங்களில் பலர் எனக்கு வண்டி மாற்றங்கள் பற்றிக் கேட்டு எழுதுகிறீர்கள். இந்த முறை பாகங்களின் பட்டியலுக்குப் பதிலாக அந்தச் சத்தத்தின் வரலாற்றைச் சொல்கிறேன்.

முதலில் டர்போ. இயந்திரம் என்பது அடிப்படையில் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பம்புதான். ஒரு கிலோ பெற்றோலை முழுதாக எரிக்கக் கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோலை அதிகம் ஊற்றுவது சுலபம், காற்றை அதிகம் அடைப்பதுதான் கஷ்டம். எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே சும்மா போகிறது. அந்தப் புகையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால் என்ன என்று யோசித்தவர் சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி. 1905இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அந்தச் சூட்டையும் சுழற்சியையும் தாங்கும் உலோகம் அப்போது இல்லாததால், 1920களில்தான் கப்பல்களில் அது உருப்படியாக வேலை செய்யத் தொடங்கியது.

இதில் டென்மார்க்குக்கும் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வைக்கிங்குகளைப் படிப்பித்தார்களே தவிர இதைச் சொல்லவில்லை. கோப்பன்ஹேகனின் கிறிஸ்ரியான்ஸ்ஹாவ்னில் இருந்த பேர்மைஸ்டர் அன்ட் வைன் என்ற நிறுவனம் 1912இல் செலான்டியா என்ற கப்பலைக் கட்டியது. பெருங்கடல் கடந்த முதல் பெரிய டீசல் கப்பல்களில் அது முன்னோடி. புகைபோக்கி இல்லாத கப்பல் என்று லண்டனில் சனம் வேடிக்கை பார்த்தது, வின்ஸ்டன் சேர்ச்சில் நேரில் ஏறிப் பார்த்தார். அங்கிருந்து அது பாங்கொக் போனது. 40 வருடங்களுக்குப் பிறகு, 1952இல், அதே நிறுவனத்தின் இயந்திரத்தோடு ஓடென்ஸ கப்பல் தளத்தில் கட்டப்பட்டது டோர்த்த மெர்ஸ்க் என்ற எண்ணெய்க் கப்பல். டர்போ பூட்டிய பெரிய இரண்டு-வீச்சு டீசல் இயந்திரத்தோடு கடலில் இறங்கிய முதல் கப்பல் அதுதான். இரண்டு வீச்சில் எரிந்த புகையைத் தள்ளுவதற்குத் தனி வீச்சு கிடையாது. உள்ளே வரும் காற்றே அதைத் துரத்த வேண்டும். அதனால்தான் அவ்வளவு காலம் எடுத்தது. டர்போ இல்லாமல் 5,530 குதிரைவலு தரக்கூடிய ஆறு சிலிண்டர் இயந்திரம், இரண்டு டர்போக்களால் 8,000 தந்தது. கோப்பன்ஹேகனில் டீசல்ஹவுஸ் என்ற அருங்காட்சியகத்தில் இதே நிறுவனம் 1932இல் மின்நிலையத்துக்காகச் செய்த 22,500 குதிரைவலு இயந்திரம் இருக்கிறது. 30 வருடம் உலகத்திலேயே பெரிய டீசல் இயந்திரமாக இருந்தது அது. குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்கிக் காட்டுவது வழக்கம். போனால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நில்லுங்கள், நிலம் அதிர்வது விளங்கும்.

கப்பலில் டர்போவுக்கு ஒரு வசதி: இயந்திரம் நாள்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. ஒரு வளைவுக்குள் மூன்று தரம் முறுக்குவோம், விடுவோம். விசிறி சுழன்று அழுத்தம் வரச் சிறிது நேரம் எடுக்கும், வரும்போது மொத்தமாக வரும். சாய்ந்திருக்கும் வண்டியில் அது மொத்தமாக வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கவாசாகி 1978இல் இசட்1ஆர்-டிசி என்ற வண்டியை விற்றது. டர்போவைப் பூட்டியது அமெரிக்காவில் ஒரு வெளி நிறுவனம். உத்தரவாதம் எதுவும் கிடையாது, உடைந்தால் உன் பாடு. 1982இல் ஹொண்டாவின் சிஎக்ஸ்500 டர்போவும் யமஹாவின் எக்ஸ்ஜே650 டர்போவும் வந்தன. 1983இல் சுசுகி எக்ஸ்என்85. 1984இல் கவாசாகி 750 டர்போ, 112 குதிரைவலு. ஹொண்டாவின் வண்டி 500 சிசியில் 82 குதிரைவலு தந்தது, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசிகளோடு. அந்தக் காலத்துக்கு விண்வெளி ஓடம் மாதிரி. ஆனாலும் சில வருடங்களுக்குள் நான்கு நிறுவனங்களும் கைவிட்டன. பாரம், விலை, அந்தத் தாமதம். பெரிய இயந்திரத்தை வைத்தால் அதே வலு சுலபமாகக் கிடைக்கும்போது ஏன் இந்தத் தலையிடி?

இனி மாமாவின் பக்கம். நான் டென்மார்க்கில் பிறந்த காலத்தில்தான், 1990 ஜூனில், ஊரில் சண்டை மறுபடி தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. பற்றரியும் அப்படித்தான், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள் என்று அம்மாவின் ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெற்றோல் கள்ளமாக வந்தால் தங்க விலை. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் ஓரளவு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்கள், ஒஸ்ரின் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின.

மாமாவிடம் இருந்தது ஹொண்டா எம்.டி.90. யப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த சிவப்பு வண்டி. அங்கே ஓடிக் கழித்தவை இலங்கைக்குப் பாவித்த வண்டிகளாக வந்து சேர்ந்தன. (டென்மார்க்கிலும் தபால்காரர்கள் நிம்புஸ் மோட்டார் சைக்கிளில்தான் திரிந்தார்கள், தூசு உறிஞ்சும் நில்பிஸ்க் கருவியைச் செய்த அதே நிறுவனத்தின் வண்டி. 1934 முதல் 1959 வரை செய்த சி மாதிரி, 746 சிசி, நாலு சிலிண்டர், சத்தத்தால் வண்டு என்று பட்டப்பெயர். இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. ஒருநாள் தனியாக எழுதுகிறேன்.)

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். காபரேட்டருக்குள் சில துளி விட்டு உதைத்துக் கிளப்பி, இயந்திரம் சூடானபிறகு மண்ணெண்ணெயில் ஓடும். சந்தியில் நின்றுபோனால் மறுபடி போத்தல், மறுபடி துளி. மாமாவின் கணக்கில் ஒரு தேக்கரண்டி பெற்றோல் நாலு கிளப்பு. வெள்ளைப் புகை, கண் எரிச்சல், கரி பிடித்த பிளக். எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து இயந்திர எண்ணெயைத் தண்ணியாக்கிவிடும், அதனால் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு எண்ணெய் எங்கே? வடித்துத் திரும்ப ஊற்றுவார்களாம்.

அதோடு அந்தச் சத்தம். சிலிண்டருக்குள் பிளக் பொறி போட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒழுங்காகப் பரவ வேண்டும். எரிபொருளின் ஒக்டேன் குறைவாக இருந்தால், தீ வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிக்கும். பெற்றோல் அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மண்ணெண்ணெய் கொஞ்சமும் தாங்காது. தகரப்பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரிக் கேட்கும். நொக் பண்ணுது என்பார்கள். மாமா ஐந்து வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தார். பாரம் ஏற்றினால் கேட்கும், எதிர்காற்றில் கேட்கும். கேட்டதும் கையை இளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் போய்விடும், போனால் மாற்றுப் பிஸ்டன் கிடையாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பின்னால் மாமியும் முன்னால் இரண்டு பையும் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். தெருவில் சனம் நெருக்கியடித்ததால் பெரும்பாலும் உருட்டிக்கொண்டுதான் போனாராம். நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபிறகுதான் கிளப்பினார். போத்தலில் கடைசித் துளி.

டர்போவிலும் இதே வெடிப்புத்தான். எரிபொருள் நல்லது, ஆனால் காற்றை அமுக்குவதால் சூடும் அழுத்தமும் கூடி, 95 ஒக்டேன் பெற்றோல்கூட மண்ணெண்ணெய் போல நடக்கத் தொடங்கும். டர்போ பூட்டும்போது செய்கிற வேலைகள் பலவும் இதற்காகத்தான். என் வண்டி முதல் தலைமுறை ஹயபுசா. 1999இல் வந்தபோது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடி, ஐரோப்பாவில் தடைச் சட்டம் வந்துவிடுமோ என்று நிறுவனங்களே பயந்து, 300இல் நிறுத்துவோம் என்று தங்களுக்குள் ஒத்துக்கொள்ள வைத்த வண்டி. அதன் அமுக்க விகிதம் 11க்கு 1. டர்போவுக்கு அது அதிகம். சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு வைத்து உயர்த்தியோ குழிந்த பிஸ்டன் போட்டோ 9க்குக் கிட்டக் குறைக்க வேண்டும். பிறகு காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர், பெரிய எரிபொருள் ஊசிகள், மேலதிக அழுத்தத்தை வெளியே விடும் வாயில், பொறியைப் பிந்திப் போடும் கணினி அளவுகள். நான் பிழை விட்டது இந்தக் கடைசி இடத்தில். 0.7 பார் அழுத்தத்துக்குச் சரியாக இருந்த அளவுகளை 0.9க்குக் கொண்டுபோனபோது, எரிபொருளைக் கூட்டினேன், ஆனால் போதுமான அளவு கூட்டவில்லை. பொறி நேரத்தைத் தொடவேயில்லை.

இந்த இயந்திரத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரு பெயர் உண்டு: பில் வோர்னர். அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் லோரிங் என்ற பழைய விமானப்படை ஓடுபாதையில், 2011 ஜூலையில், டர்போ பூட்டிய ஹயபுசாவில் மணிக்கு 311.945 மைல் போனார். 502 கிலோமீட்டர். இருந்து ஓட்டும் வழமையான மோட்டார் சைக்கிளில் அதற்குமுன் யாரும் போகாத வேகம். 2013 ஜூலையில் அதே ஓடுபாதையில் ஒரு மைல் தூரத்துக்குள் 300 மைல் வேகத்தைத் தொட முயன்று, வண்டி கைவிட்டுப்போய் இறந்தார். வயது 44. உங்களில் சிலர் எனக்கு அனுப்பும் காணொளிகளில் 2011 மட்டும்தான் இருக்கிறது.

டென்மார்க்கில் இதற்கு ஓடுபாதை கிடையாது, மோட்டார்வே உண்டு, அதுதான் ஆபத்து. 2021 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டினால், அல்லது 100க்கு மேல் ஓடும்போது அது அனுமதித்த வேகத்தின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், வண்டியை அரசு பறித்து விற்கலாம். வண்டி யாருடையது என்பது பெரும்பாலும் கணக்கில்லை. கடன் போட்டு வாங்கியதா, அப்பாவின் பெயரில் இருக்கிறதா, தம்பி ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் எடுத்ததா, எல்லாம் ஒன்றுதான். அந்த வருட ஒக்ரோபரில் ஜெர்மனியில் லம்போகினி வாங்கி நோர்வேக்கு வீடு திரும்பிய ஒருவர் மணிக்கு 236இல் பிடிபட்டு, வாங்கிய சில மணித்தியாலத்துக்குள் காரை இழந்தார். என் வண்டி இரண்டாம் கியரிலேயே அந்த எல்லைக்குக் கிட்டப் போய்விடும். அதனால் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்டவர்களில் என் சொந்தத் தம்பியும் அடக்கம். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை, அம்மா அவன் பக்கம். முழுதாக முறுக்குவது என்றால் சில்கபோ பக்கம் யில்லன்ஸ்ரிங்கன் பந்தயத் தடத்தில் நாள் கட்டணம் கட்டி முறுக்குகிறேன். அங்கேயும் அந்த வளைவுகளில் டர்போவால் பெரிதாகப் பயனில்லை, சின்னச் சின்ன வண்டிகள் என்னைத் தாண்டிப் போகின்றன.

ஓட்டை விழுந்த பிஸ்டனை மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையின் விளிம்பு உருகி வழுவழுப்பாக இருப்பதைத் தடவிக் காட்டி, எம்.டி.90இல் போனதும் இப்படித்தான் இருந்தது என்றார். அது எப்போது போனது என்று கேட்டேன். வன்னியில், 96இல், மாமிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். சத்தம் கேட்டது, கையை இளக்கவில்லை, ஏனென்றால் இளக்க முடியாது. மிச்ச வழியை மாட்டு வண்டியில் போனார்களாம். மாமி சமையலறையிலிருந்து "அது காய்ச்சல் இல்லை, பாம்பு கடிச்சது" என்று திருத்தினார்.

புதுப் பிஸ்டன்கள் அடுத்த மாதம் வரும். அழுத்தத்தை 0.6இல் வைக்கப்போகிறேன். இரைச்சல் நடுவே நொக்கைக் கண்டுபிடிக்கும் உணரியும் வாங்கியிருக்கிறேன். மாமாவிடம் அதைக் காட்டினேன். விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.