வேரோடு பிடுங்கிய வியாபாரம்

சத்து மாத்திரை அட்டைகளில் ‘ஜின்செங்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேருக்குப் பின்னால் 300 வருடப் பேராசைக் கதை ஒன்று இருக்கிறது!

1711. மஞ்சூரியக் காட்டில் சீனர்கள் உயிராக மதிக்கும் ஜின்செங்கைப் பார்த்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜார்து, ‘இதே மாதிரி மலையும் காடும் கொண்ட கனடாவிலும் இது இருக்கலாம்’ என்று கடிதம் எழுதினார். அதைப் படித்த இன்னொரு பாதிரியார் லஃபிதோ, மான்ட்ரியல் பக்கம் தேடித் தேடி 1716-ல் கண்டுபிடித்தே விட்டார். அங்கிருந்த மோஹாக் பழங்குடியினருக்கோ அது பழகிய மருந்து!

அப்புறமென்ன, கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போனது வேர். 1752-ல் விலை உச்சிக்கு ஏற, செப்டம்பரில் தோண்ட வேண்டியதை மே மாதமே தோண்டினார்கள். பொறுமையாக உலர்த்த வேண்டியதை அடுப்பில் வாட்டினார்கள். சீனர்கள் முகம் சுளித்தார்கள். கனடா வியாபாரம் படுத்தேவிட்டது.

அடுத்து அமெரிக்கா. 1784-ல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய அவர்களது முதல் கப்பலில் இருந்த முக்கியச் சரக்கே சுமார் 30 டன் ஜின்செங்தான். திரும்பி வந்தது தேயிலையோடு. நல்ல லாபம். மலைக்காடுகளில் மண்வெட்டிகள் இறங்கின.

‘தோட்டத்தில் வளர்த்தால் காடு பிழைக்குமே?’ பி.காம். படித்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வளர்த்தார்கள். விஸ்கான்சினில் பந்தல் நிழலில் விளைச்சல் அமோகம். ஆனால், காட்டு வேருக்குத்தான் மவுசு என்று வாங்குகிறவர்கள் அடம்பிடித்தார்கள். தோட்ட வேரைப் போலப் பல மடங்கு விலை. விலை ஏற ஏற, திருட்டும் ஏறியது.

விதை முளைக்கவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும் செடி இது. 1975-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஐந்து வயதாகாத காட்டு வேரை ஏற்றுமதி செய்ய முடியாது. தோண்டுகிறவர் அதன் சிவப்புப் பழங்களை அங்கேயே விதைத்துவிட்டு வரவேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டன.

எடுத்த இடத்தில் திரும்ப விதைக்கணும். இதைச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டதுதான் வேடிக்கை!