அளவுகோலை அளந்த வரலாறு
உமிழ்நீர்ச் சுரப்பி ஆய்வுகள் பற்றிய ஒரு நோக்கு

அறிவியலின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதுவது மரபாகிவிட்டது. ஆயின், கண்டவற்றை அளப்பதற்கு மனிதன் கைக்கொண்ட அளவுகோல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம்பி எடுத்த கோல் காலப்போக்கில் தானே நீண்டும் குறுகியும் போவதைக் கண்டு, அதனைக் கைவிட்டு வேறொன்றைத் தேடிய வரலாறு அது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வளர்ச்சியையும் மீளுருவாக்கத்தையும் ஆராய்ந்தோர் கடந்துவந்த பாதை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இச்சுரப்பிகளின் அமைப்பு 17ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகத் தொடங்கியது. ஆங்கில மருத்துவரான தோமஸ் வாட்டன் 1656இல் வெளியிட்ட நூலில், கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து வாயினுட் செல்லும் கானை விவரித்தார். 1660இல் அம்ஸ்ரடாம் நகரிற் கல்வி பயின்ற டென்மார்க் நாட்டு மாணவர் நீல்ஸ் ஸ்ரென்சன், ஆட்டுத் தலையொன்றை வெட்டி ஆராய்கையிற் செவியடிச் சுரப்பியின் கானைக் கண்டார். அக்கண்டுபிடிப்பு தமக்கே உரியதென அவருடைய ஆசிரியர் பிளாசியஸ் உரிமை கோரியமையும், அதனால் எழுந்த பூசலும் மருத்துவ வரலாறு அறிந்த செய்திகள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக், உமிழ்நீர் வெளியேறும் அமுக்கம் நாடிக் குருதியின் அமுக்கத்தையும் விஞ்சக்கூடும் எனக் காட்டினார். எனவே சுரப்பி குருதியை வடிகட்டும் வெறும் சல்லடையன்று. தானே தொழிற்படும் உயிருள்ள ஆலை என்பது நிலைநாட்டப்பட்டது.

இவ்வாலை எவ்வாறு வளர்கிறது என்பதே 20ஆம் நூற்றாண்டின் வினா. 1953இல் அமெரிக்கரான கிளிபோட் குரோப்ஸ்ரைன், சுண்டெலி முளையத்தின் கீழ்த்தாடைச் சுரப்பி அரும்பை அதனைச் சூழ்ந்த இழையத்திலிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். சூழிழையத்தின் துணையின்றி அவ்வரும்பு கிளைவிடவில்லை. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் றீற்றா லெவி-மொந்தால்சினியும் ஸ்ரான்லி கோகனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிப் பாம்பு நஞ்சினூடாகச் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை வந்தடைந்தனர். அச்சுரப்பியின் சாற்றை ஏற்ற சுண்டெலிக் குட்டிகள் உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தன. அதற்குக் காரணமான மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கோகன் 1962இல் வெளிப்படுத்தினார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிட்டியது. இக்காரணிகள் பெண் சுண்டெலியைவிட ஆண் சுண்டெலியின் சுரப்பியிலேயே மிகுதியாக உள்ளன. ஒரே இனத்தின் ஒரே சுரப்பியும் பாலுக்கேற்ப வேறுபடும் என்னும் இவ்வுண்மை, அளப்போருக்கு விடுக்கப்பட்ட முதல் எச்சரிக்கை எனலாம்.

வளர்ச்சியை அளக்கக் கையாளப்பட்ட முதலாவது கோல் நிறை. 1961இல் ஹான்ஸ் செலியேயும் உடனாய்வாளரும் ஐசோபுரோற்றரனோல் என்னும் மருந்தைத் தொடர்ந்து ஏற்றிய எலிகளில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பன்மடங்கு பெருத்தமையை அறிவித்தனர். 1964இல், திரவ உணவு மட்டுமே உண்ட எலிகளின் செவியடிச் சுரப்பி நலிந்து சிறுத்தமை எடுத்துக்காட்டப்பட்டது. தராசு இவ்விரு மாற்றங்களையும் எளிதிற் காட்டிற்று. ஆனால் நிறை கூடியமைக்குக் காரணம் கலங்கள் பெருகியமையா, இருந்த கலங்கள் பருத்தமையா, அன்றி நீர் தேங்கி இழையம் வீங்கியமையா என்பதைத் தராசு கூறமாட்டாது.

எனவே இரண்டாவது கோல் கைக்கொள்ளப்பட்டது. ஓரினத்தின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. அளவு மாறாதிருக்கின்றது என்பதை 1948இல் பிரான்சிய ஆய்வாளர்களான புவவேனும் வென்றெலி தம்பதியரும் எடுத்துரைத்திருந்தனர். சுரப்பியின் மொத்த டி.என்.ஏ.யை அளந்தால் கலங்களின் தொகையை அறியலாம், புரதத்தையோ ஆர்.என்.ஏ.யையோ டி.என்.ஏ.யால் வகுத்தால் ஒரு கலத்தின் நிலையை அறியலாம். கணக்கு நேர்த்தியானதே. ஆயினும், ஐசோபுரோற்றரனோல் ஏற்றிய எலிகளின் சுரப்பிக் கலங்கள் பல, டி.என்.ஏ.யை இரட்டித்த பின்னரும் பிளவுறாது நின்றுவிடுகின்றன என 1960களின் ஆய்வுகள் காட்டின. ஒரு கலம் இரு கலங்களுக்குரிய டி.என்.ஏ.யைத் தாங்கி நின்றபோது, மாறாதது என நம்பிய கோலே மாறிவிட்டது. எதனை அளக்க முற்பட்டனரோ அந்த வளர்ச்சியே கோலையும் நீட்டிவிட்டது.

மூன்றாவது கட்டம் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை அளக்கும் கட்டமாகும். ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்க்கும் நொதியம் 1970இல் அறியப்பட்டது. சிறிதளவு டி.என்.ஏ.யைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கச் செய்யும் பல்பகுதியச் சங்கிலித் தாக்கத்தைக் கரி முல்லிஸ் 1983இல் வகுத்தார். இவ்விரட்டிப்பை நிகழும் வேளையிலேயே நோக்கும் முறை 1990களில் உருவாயிற்று. இம்முறை மிக நுண்ணியது. ஆகவே பிழைக்கும் மிக நுண்ணியது. ஒரு சுற்று வேறுபாடு இருமடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். மூன்று சுற்று வேறுபாடு எண்மடங்காகும். எடுத்த இழையத்தின் அளவும் பிரித்த ஆர்.என்.ஏ.யின் தரமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால், ஒவ்வொரு மாதிரியிலும் மாறாது நிற்கும் ஒரு பரம்பரையலகோடு ஒப்பிட்டே விடை கூறவேண்டியதாயிற்று. அதுவே ஒப்பீட்டுப் பரம்பரையலகு.

எல்லாக் கலங்களிலும் அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதனவாய் இயங்கும் 'மனைகாக்கும்' பரம்பரையலகுகள் இப்பணிக்கு இயல்பாகவே தெரிவுசெய்யப்பட்டன. வெல்லத்தைச் சிதைக்கும் தொடரைச் சேர்ந்த ஜி.ஏ.பி.டி.எச். என்னும் நொதியத்துக்குரியது, கலச் சட்டகத்தின் பீற்றா-அக்ரின் புரதத்துக்குரியது, இறைபோசோமின் 18எஸ் ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றும் பெருவழக்குப் பெற்றன. அவற்றின் உறுதி பெரும்பாலும் சோதித்து அறியப்பட்டதன்று, பழக்கத்தால் ஏற்கப்பட்டது.

உமிழ்நீர்ச் சுரப்பியில் இப்பழக்கம் எவ்வளவு இடர் தரும் என்பதைக் கான்கட்டு முறை தெளிவாக்கும். எலியின் சுரப்பிக் கானைக் கட்டிவிட்டால், உமிழ்நீரைச் சுரக்கும் குலைக் கலங்கள் மடிந்து நலிகின்றன. கான் கலங்கள் பெரிதும் எஞ்சுகின்றன. அழற்சிக் கலங்கள் உட்புகுகின்றன. கட்டை அவிழ்த்தபின் குலைகள் படிப்படியாக மீள உருவாகின்றன. ஆகவே, கட்டுமுன் எடுத்த இழையமும் கட்டியபின் எடுத்த இழையமும் பெயரால் ஒன்றாயினும் கலச் சேர்க்கையால் வேறானவை. உருமாறிப் பெருகும் கலத்தில் அக்ரின் மாறக்கூடும். ஒட்சிசன் குன்றிய இழையத்தில் ஜி.ஏ.பி.டி.எச். உயரக்கூடும், வளருங் கலம் இறைபோசோம்களை மிகுதியாக ஆக்கும். ஆராயப்படும் பரம்பரையலகு சற்றும் மாறாதிருக்க, ஒப்பீட்டுக்குக் கொண்டது மட்டும் பாதியாகக் குறைந்ததெனக் கொள்க. விடையோ 'இருமடங்கு உயர்வு' என்றே வரும். நிகழாத ஒன்று நிகழ்ந்ததாக ஏட்டில் ஏறிவிடும்.

கோலைச் சோதிக்க வேறொரு கோல் வேண்டும். அதனைச் சோதிக்க இன்னொன்று வேண்டும். இவ்வாறு முடிவின்றி நீளும் சிக்கலுக்கு 2002இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரிலிருந்து வண்டெசொம்பெலேயும் உடனாய்வாளரும் ஒரு வழி கூறினர். இரு பரம்பரையலகுகள் உண்மையில் மாறாதனவாயின், அவற்றிடையேயான விகிதம் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இவ்வடிப்படையிற் பத்துப் பரம்பரையலகுகளைத் தம்முள் ஒப்பிட்டு, விகிதம் தளம்புவனவற்றை ஒவ்வொன்றாக நீக்கினர். ஒன்றை மட்டும் நம்புவது பெரும்பிழைக்கு இடமளிக்கும் என்றும், குறைந்தது மூன்றின் பெருக்கற் சராசரியைக் கொள்வதே தக்கது என்றும் முடிவுகண்டனர். தனியொரு கோலின் ஆட்சி அத்துடன் முடிந்தது. ஒன்றையொன்று கண்காணிக்கும் கோல்களின் அவை அதனிடத்தைப் பெற்றது.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் இரு பரம்பரையலகுகள் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழின், அவற்றின் விகிதம் மாறாது. பொய்ச் சாட்சிகள் இருவர் ஒரே கதையைக் கூறுவது போன்றது அது. ஆதலின் வெவ்வேறு தொழில் புரியும் பரம்பரையலகுகளையே தெரிதல் வேண்டும். 2004இல் டென்மார்க் ஆய்வாளர், குழுவினுள் நிகழும் மாறலையும் குழுக்களிடையே நிகழும் மாறலையும் பிரித்துக் கணிக்கும் மற்றொரு முறையை வகுத்தனர். 2008இல் இலண்டன் ஆய்வாளர், எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை இயல்பு, அழற்சி, நலிவு, மீளுருவாக்கம் ஆகிய நிலைகளில் எடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் பரம்பரையலகுகள் எவை என நேரடியாகச் சோதித்தனர். 2009இல் இத்தகைய ஆய்வுகளை வெளியிடுவோர் தெரிவிக்கவேண்டிய குறைந்தபட்ச விபரங்கள் பன்னாட்டு ஆய்வாளரால் வரையறுக்கப்பட்டன. ஒப்பீட்டுப் பரம்பரையலகைத் தெரிந்தமைக்கான நியாயமும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இஃது ஆய்வுகூடத்தோடு முடியும் நுணுக்கமன்று. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் பலரின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிதைகின்றன. வாய் வறண்டு, உணவை விழுங்கவும் பேசவும் இடர்ப்பட்டுப் பல்லையும் இழக்கும் அவர்களுக்குச் சுரப்பியின் மீளுருவாக்கம் பெருநம்பிக்கையாகும். ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னிலை வகிக்கும் இலங்கைக்கு இது தொலைவான செய்தியன்று. எந்தப் பரம்பரையலகு மீளுருவாக்கத்தைத் தூண்டுகிறது என்னும் வினாவுக்குத் தவறான கோலால் விடை கண்டால், அவ்விடையின் மேல் எழும் சிகிச்சையும் நிலைக்காது.

நிறை, டி.என்.ஏ., மனைகாக்கும் பரம்பரையலகு என மூன்று கோல்களும் தத்தம் காலத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையாக விளங்கின. ஒவ்வொன்றையும் ஐயுற்றோரே அறிவை ஒருபடி உயர்த்தினர். அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து மாறும் எதுவும் அதற்கு அளவுகோலாகாது. மாறவில்லை என்பதை ஒவ்வொரு புதிய நிலையிலும் மீண்டும் நிறுவியாக வேண்டும். இச்சுரப்பியின் வரலாறு ஆய்வாளருக்கு விட்டுச்செல்லும் பாடம் இதுவேயாகும்.