விடுதலை தந்த வாக்கும் பெயரும்

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அதனால் நம் முன்னோர்க்குக் கிடைத்தது யாது என்னும் வினாவை, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தார் எழுப்புவது பொருத்தமே. ஆட்சி மாறியது, ஊர்க்கிணறு மாறவில்லை என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

விடுதலைக்கு முன்பே உரிமை ஆணைகள் பிறந்திருந்தன. சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எவர்க்கும் உரியவை என 1924இல் ஆணை பிறந்தது. ஆணை அரசிதழில் இருந்தது, கிணற்றங்கரையில் இல்லை. அதனைப் படித்துக் காட்டி வாதாடத்தக்கோர் சேரியில் மிகச் சிலரே. வாக்குரிமையோ வரி செலுத்துவோர், சொத்துடையோர், கற்றோர் என்னும் வரம்புக்குள் நின்றது. கூலி உழவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அவனைப் பொருட்படுத்த வேண்டிய தேவை எந்த அதிகாரிக்கும் இல்லாமற்போயிற்று.

1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்பு விதி நிறைவேறியது. இன்றைய 17ஆம் விதி அதுவே. சென்னை மாகாணத்தினின்று சென்ற வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும், தாழ்த்தப்பட்டோருள் அச்சபை கண்ட ஒரே பெண்மணியான தாட்சாயணி வேலாயுதனும் அன்று உரையாற்றினர். வரைவுக் குழுவின் தலைவர் எவர் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பிறர் இரங்கி அளித்த கொடை என இதனை இன்றும் மேடைகளிற் பேசுவோர், அந்நாளின் நடவடிக்கைக் குறிப்பை ஒருமுறையேனும் படித்தல் நலம்.

1949 நவம்பர் 25ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அச்சபையில் ஆற்றிய பேருரையை அறியாதார் இலர். அரசியலில் சமத்துவமும், சமுதாய வாழ்விலும் பொருளியல் வாழ்விலும் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நிலவப் போவதை அவர் எச்சரித்தார். விழா மேடைகளில் நாம் கேட்பது இப்பகுதியையே. அவ்வுரையில் மற்றொரு கருத்தும் உண்டு. விடுதலைக்குப் பின் தவறு நேரின் ஆங்கிலேயரைப் பழிக்க இயலாது. பழி நம்மையே சாரும் என்றார் அவர். குடிமகனின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. தீண்டாமைக் குற்றங்களுக்கென 1955இலும், வன்கொடுமைத் தடுப்புக்கென 1989இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும் புகாரைத் தெளிவுற எழுதுவோரும், சாட்சிக் கூண்டில் பிறழாது நிற்போரும் இல்லையெனின், அவையும் 1924ஆம் ஆண்டு ஆணையின் வழியே செல்லும். நம் பிள்ளைகள் கற்க வேண்டுவது இதற்காகவுமே, வேலைக்காக மட்டுமன்று.

1951-52இல் நடைபெற்ற முதற்பொதுத்தேர்தலில் 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது. (பின்னர் 1989 முதல் அவ்வயது 18 ஆயிற்று.) வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டோர். அப்பட்டியலைத் தொகுக்கையில் வியப்பான இடர் ஒன்று நேர்ந்தது. பெண்கள் பலர், அவர்களுள் பெரும்பாலோர் வடமாநிலத்தவர், தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்திருந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவே, ஆயினும் சரியான முடிவு என்றே கொள்கிறோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையாளும் நம்போன்றோர்க்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். 1957ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வயதுவந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர், தத்தம் பெயராலேயே.