ஓலை வாருதல்

ஓலை வாருதல் என்பது எழுதுவதற்காக எடுக்கப்பட்ட பனையோலையின் ஓரங்களைச் சீராக அரிந்து, எல்லா ஏடுகளையும் ஒரே அளவினதாக ஆக்கும் தொழிலாகும். தாளும் அச்சும் பரவலாவதற்கு முன்னர் தமிழ் நூல்கள் பெரும்பாலும் இவ்வாறு வாரிய ஓலைகளிலேயே எழுதப்பட்டன. திண்ணைப் பள்ளி மாணவர்கள் எழுத்தாணி பிடிக்கக் கற்றதுடன் ஓலை வாரிச் சுவடி சேர்க்கவும் பழகினர்.

தாமிரபரணிப் பகுதியில்

தாமிரபரணியின் கரைகள் நெல் விளையும் நிலம். அதன் கடைமடைக்குத் தெற்கே, சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் உள்ள செம்மணல் தேரிகளிலும் அவற்றை அடுத்தும் பனைமரங்கள் மிகுதி. ஆற்றங்கரை ஊர்களின் கவிராயர் குடும்பங்களில் ஏடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க (1889) முனைந்த உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களுக்கு வந்து ஏடு தேடியது இதனால்தான்.

வாரும் முறை

முற்றாத ஓலையின் நடுவிலுள்ள ஈர்க்கு முதலில் நீக்கப்படும். ஓலையை நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவர். உலரும்போது ஓலை சுருங்கி நெளியும். ஆகவே தொடக்கத்தில் சற்று அகலமாக நறுக்கி வைத்து, பதப்படுத்திய பின்னரே இறுதி அளவுக்கு வாருவது நல்லது.

பனையோலையின் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. நீளவாக்கில் வெட்டுவது எளிது போலத் தோன்றும். ஆனால் கத்தி நரம்பின் போக்கிலேயே வழுக்கிச் சென்று, குறித்த கோட்டை விட்டு விலகிவிடும். குறுக்கே வெட்டும்போது நேர்மாறான இடர்: மழுங்கிய கத்தி நாரை அறுக்காமல் இழுப்பதால் முனை பிசிறும். ஓலை மிகவும் காய்ந்திருந்தால் பிளவு உள்ளே வரை ஓடும். கூரிய அலகு, சிறிது ஈரப்பதம், அசையாத பிடிப்பு ஆகிய மூன்றும் இதற்குத் தேவை. பல ஓலைகளை அடுக்கி, அளவுச் சட்டத்தை மேலே வைத்து அழுத்தி வெட்டுகையில் அலகு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அடியிலுள்ள ஏடுகளின் அகலம் மாறிவிடும்.

இதற்கெனத் தனிக் கருவியும் இருந்தது. வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுதவும், மறுமுனையிலுள்ள அலகு ஓலை வாரவும் பயன்பட்டன. மடக்கெழுத்தாணியில் கத்தியையும் ஆணியையும் பிடிக்குள் மடக்கி வைக்கலாம்.

தாளுடன் ஒப்பீடு

ஆலையில் செய்யும் தாளிலும் நார்கள் பெரும்பாலும் எந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. நாளிதழ் ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகவும் மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகவும் கிழிவதைக் காணலாம். கைவினைக்குத் தடித்த அட்டையை வெட்டுவோர் இரும்பு அளவுகோலை ஒட்டி, ஒரே அழுத்தில் அறுக்காமல், மெல்லப் பலமுறை கத்தியை இழுப்பது பயன் தருகிறது.

ஓரமும் சுவடியின் ஆயுளும்

சுவடியைப் புரட்டும் விரல் முதலில் படுவது ஓரத்தில்தான். பிசிறிய முனையிலிருந்து தொடங்கும் விரிசல் நரம்பின் வழியே எழுத்து வரிக்குள் நுழைகிறது. ஏட்டெண் இடது ஓரத்தில் எழுதப்படுவதால், அம்முனை ஒடிந்தால் எண்ணும் போய், கட்டு அவிழ்ந்த சுவடியில் எந்த ஏடு எதன் பின் வரும் என்பதே தெரியாமற் போகும். பழைய நூல்களைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டில் இதற்கும் பங்குண்டு.

சிதைந்த பழஞ்சுவடியின் ஓரத்தை அழகுக்காக மீண்டும் வாருதல் கூடாது. எஞ்சிய எழுத்துகளும் அதனுடன் போய்விடும். காய்ந்து முறியும் ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி நெகிழ்வூட்டுவதே சுவடி நூலகங்களில் வழக்கம்.